ஐயரம்மா பதில்கள்: லேவியராகமத்தில் நின்றுபோனவர்களுக்கு

கேள்வி: ஒரு வருஷத்தில் வேதாகமத்தை வாசித்து முடிப்பதாக ஜனவரி 1ஆம் தேதி தீர்மானம் எடுத்து, அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் 13ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டது. மூன்றாவது வருஷமாக இதே கதை. காலை நாலரைக்கு எழுந்தால்தான் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். இப்போது வேதத்தைப் பார்த்தாலே குற்றவாளி மாதிரி இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– திருப்பூர் வாசகி

பதில்: அந்த 13ஆம் அதிகாரத்தில் உங்களுக்குத் துணை நிறைய உண்டு, அம்மா. என் பழைய வேதத்திலும் ஒரு பென்சில் கோடு அங்கேதான் நிற்கிறது. கல்யாணமாகி குருமனைக்கு, அதாவது சபைப் போதகரின் வீட்டுக்கு, வந்த முதல் வருஷம் போட்டது. தோலில் வெள்ளைப் படர், ஏழு நாள் அடைத்துவைத்தல், ஆசாரியன் திரும்ப வந்து பார்த்தல் என்று 59 வசனம். ஊருக்கெல்லாம் வேதபாடம் நடத்துகிற ஐயர், அதாவது போதகர், வீட்டிலேயே இந்தக் கதி.

கணக்கைப் பாருங்கள். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரம். வருஷத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் நாளைக்கு மூன்றேகால். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் விட்டால் பதின்மூன்று அதிகாரம் பாக்கி. அப்புறம் வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் தவணை கட்டாதவள் மாதிரிதான் திறப்பீர்கள். ஜெபிக்க உட்காருகிறவளுக்கு அந்த நினைப்பு ஆகாது. அட்டவணையைக் கிழித்துவிடுங்கள். முழு வேதத்தையும் வாசிப்பது வேண்டாத வேலை என்று சொல்லவில்லை. ரிட்டயர் ஆன பிறகு நான் இரண்டு தடவை முடித்தேன். லேவியராகமத்துக்கும் ஒரு ருசி உண்டு. அது நாலரை மணிக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது பாக்கி விழாத ஒரு முறை. வேதத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் மொத்தம் 150 பாட்டு. மாதத்துக்கு 30 நாள் என்றால் நாளைக்கு ஐந்து. காலண்டரில் இன்றைய தேதியைப் பாருங்கள், அதோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 12ஆம் தேதியா? 12, 42, 72, 102, 132. இந்த ஐந்தில் ஒன்றே ஒன்று போதும். 42ஐத் திறந்தால், “மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல” என்று தொடங்கும். அது அன்றைக்கு உங்களுடையது. நடுவில் மூன்று நாள் விட்டுப்போனால் அந்தத் தேதிகள் போயே போய்விட்டன, யாரும் வசூலுக்கு வரமாட்டார்கள். அடுத்த மாதம் அவையே திரும்பி வரும். 29ஆம் தேதி 119 வந்து பயமுறுத்தும், அதில் 176 வசனம். அதை 31ஆம் தேதிக்குத் தள்ளிவையுங்கள், அதிலும் எட்டு வசனம் போதும். 19ஆம் தேதி வரிசையில் 109 நிற்கும், சத்துருவைச் சபிக்கிற சங்கீதம். மாமியாரை நினைத்துக்கொண்டு அதை எடுக்க வேண்டாம், பக்கத்திலேயே 139 இருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. ஆறாம் நூற்றாண்டில் துறவிமடத்துக்கு ஒழுங்கு வகுத்த பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வாரத்துக்கு 150 சங்கீதத்தையும் விதித்தார். இங்கிலாந்துச் சபை 1549இல் வெளியிட்ட ஜெபப் புத்தகம் அதையே ஒரு மாதத்துக்குப் பிரித்துத் தந்தது. துறவிக்கு அடுப்பு எரிக்கிற வேலை முறை வைத்து வரும், உங்களுக்குத் தினமும் வருகிறது. அதனால் நாளைக்கு ஒன்று என்று குறைத்திருக்கிறேன்.

எப்படி வாசிப்பது? வாய்விட்டு, முணுமுணுப்பாக. “இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்” என்கிறது முதல் சங்கீதம். தியானம் என்றதும் கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்காருவது நம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கே எபிரெயுவில் இருக்கும் சொல் ‘ஹாகா’. இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதை ஏசாயா 31இல் சொல்வதும் இதே சொல், 38இல் எசேக்கியா ராஜா புறாவைப்போல் புலம்பினேன் என்பதும் இதே சொல். ஆக, அது தொண்டையில் நடக்கிற வேலை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா பனையேறி. அம்மா பதனீர் காய்ச்சுவாள். அகலமான சட்டியில் பதனீர் கொதித்துப் பொங்கி வரும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு அடக்கிவிட்டுத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருப்பாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. உபதேசியார் சொல்லிக்கொடுத்த 121ஆம் சங்கீதம் மட்டும் மனப்பாடம், மொத்தமே எட்டு வசனம். “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக” என்று தொடங்கி முடித்து, திரும்பவும் தொடங்குவாள். பாகு இறுக இறுகச் சொல்லும் வேகமும் குறையும். சிரட்டையில் கருப்பட்டி ஊற்றும்போது கடைசித் தடவை. ஜெப அறை, ஜெபக் குறிப்பேடு எல்லாம் அவள் அறியாதவை.

உங்களுக்குக் குக்கர் இருக்கிறது. அடுப்பில் ஏற்றிவிட்டு முதல் விசில் வருவதற்குள் ஒரு சங்கீதத்தை வாசித்துவிடலாம். அதில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பஸ் ஏறும் வரைக்கும் அது வாயில் கிடக்கட்டும். இரவில் படுக்கும்போது நாலாம் சங்கீதத்தின் கடைசி வசனம் மட்டும்: “சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்.” பாதியில் தூங்கிவிட்டீர்களா, சரி, அந்த வசனம் கேட்டதும் அதைத்தானே.

கேள்வி: ஆபீசுக்குப் போகும்போது மின்சார ரயிலில் போனில்தான் வேதம் வாசிக்கிறேன். “கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு” என்று மத்தேயு 6:6 சொல்கிறதே, இது செல்லுமா?
– தாம்பரம் வாசகர்

பதில்: தாராளமாகச் செல்லும், தம்பி. அந்த வசனத்தில் கதவைப் பூட்டச் சொல்வது பிறர் பார்க்க ஜெபிக்கக் கூடாது என்பதற்காக. தாம்பரம் லோக்கலில் உங்களை யார் பார்க்கப்போகிறார்கள்? அவரவர் போன் அவரவருக்கு. உங்களுக்குப் பூட்ட வேண்டிய கதவு வாட்ஸ்அப். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். முடிந்தால் முந்தின இரவே ஒரு வசனத்தைத் துண்டுச் சீட்டில் கையால் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதும்போது, வாசிக்கையில் தாண்டிப்போகிற ஒரு சொல்லாவது அகப்படும்.

கேள்வி: எனக்கு ஜெபிக்க வார்த்தை வராது. மாதர் சங்கத்தில் மற்றவர்கள் அரைமணி நேரம் சரளமாக ஜெபிக்கிறார்கள். நான் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.
– சாயர்புரம் வாசகி

பதில்: சரளம் ஒரு தனி வரம். எனக்கும் அது உண்டு, அதனால் சொல்கிறேன்: சரளமாக ஜெபிக்கிறவர்கள் சில சமயம் தாங்கள் என்ன சொன்னோம் என்றே கவனிப்பதில்லை.

1535இல் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரிடம் அவருக்கு முடிவெட்டும் பேத்தர் என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லூத்தர் ஒரு நீண்ட கடிதமாகவே பதில் எழுதினார். நல்ல நாவிதன் சவரக்கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருப்பான், பேச்சில் கவனம் போனால் வாயையோ மூக்கையோ அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்கிறார். பத்துக் கற்பனைகளில், அதாவது பத்துக் கட்டளைகளில், ஒவ்வொன்றையும் நாலு புரியாகத் திரித்து மாலையாக்கலாம் என்று ஒரு வழியும் சொல்கிறார். இது எனக்கு என்ன கற்றுத்தருகிறது? எதற்காக நன்றி சொல்வேன்? எதை அறிக்கையிடுவேன்? எதைக் கேட்பேன்?

நீங்கள் சொல்லிவிட்டு உட்காருகிற ஜெபத்திலேயே இதைச் செய்யலாம். “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்ற வரியில் நின்றுகொள்ளுங்கள். ‘எனக்கு’ என்று அங்கே இல்லை, ‘எங்களுக்கு’. முதல் புரி அதுதான். ரேஷன் அரிசி இந்த மாதம் நன்றாக வந்ததா, நன்றி சொல்லுங்கள். நேற்றுக் குழம்பு மிஞ்சி ஊற்றிப்போனதா, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதிர்வீட்டில் இரண்டு நாளாக அடுப்புப் புகையவில்லையா, அவர்களுக்காகக் கேளுங்கள், பிறகு ஒரு தூக்குவாளியோடு போய்விட்டு வாருங்கள். ஒரு வரிக்கே இவ்வளவு. முழு ஜெபத்தையும் இப்படிச் சொன்னால் மாதர் சங்கத்தில் உங்களைத்தான் நிறுத்தச் சொல்வார்கள்.

கேள்வி: நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து சி.எஸ்.ஐ. வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். கையில் இரண்டு வேதாகமம். எதை வைத்து ஜெபிப்பது?
– தூத்துக்குடி வாசகி

பதில்: இரண்டையும் வைத்துத்தான். உங்கள் அம்மா வீட்டு வேதத்தில் 23ஆம் திருப்பாடல் (சங்கீதத்துக்கு அங்கே அந்தப் பெயர்), “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று இருக்கும். புகுந்த வீட்டில், “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.” வகுப்பில் பிள்ளைகளிடம் ‘தாழ்ச்சி’க்குப் பொருள் கேட்டால் ‘அவமானம்’ என்பார்கள். இங்கே அது குறைவு, பற்றாக்குறை. அதை உங்கள் அம்மா வீட்டு வேதம் ஒரே சொல்லில் விளக்கிவிடுகிறது. ஆனால் இருட்டில் பயந்து எழுந்தால் வாயில் தானாக வருவது சின்ன வயதில் படித்ததுதான். வீட்டில் யார் என்ன சொன்னாலும் அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் கணவர் இறந்து ஐந்து மாதம். வேதத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன். ஜெபம் வரவில்லை.
– பெயர் வேண்டாம்

பதில்: எங்கள் வீட்டு ஐயர் போய் ஒன்பது வருஷம். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் 23ஐ வாசித்தார்கள். அவர்கள் அன்பாகத்தான் வாசித்தார்கள், எனக்கு அந்தச் சத்தமே தாங்கவில்லை. இரண்டு மாதம் நான் எதையும் திறக்கவில்லை. பிறகு ஒரு 28ஆம் தேதி, பழக்க தோஷத்தில் விரல் 88க்குப் போனது. ஏமான் என்பவர் பாடியது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் எங்கேயாவது ஒரு வரி திரும்பிப் பார்த்துத் துதிக்கும். இதில் கடைசி வசனம் வரைக்கும் வெளிச்சமே இல்லை. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்ற புகாரோடு நின்றுவிடுகிறது. இப்படி ஒன்றையும் வேதத்துக்குள் இருக்க விட்டிருக்கிறார்களே என்று அன்றைக்குத்தான் அழுதேன். அதே 28ஆம் தேதி வரிசையில் 118உம் இருந்தது, கர்த்தரைத் துதியுங்கள் என்று. அதை நான் தொடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் தொடவில்லை.

உங்கள் கடிதத்தில் 13ஆம் தேதி போட்டிருக்கிறீர்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. அந்த இரண்டை மட்டும் வாசித்துவிட்டு மூடிவையுங்கள். மற்ற நாலும் அங்கேதான் இருக்கும், அவசரமில்லை. இன்னொரு கடிதம் போடுங்கள். பதில் புத்தகத்தில் வராது, நானே தனியாக எழுதுகிறேன்.