பட்டாளத்துத் தாத்தாவும் பாகூர் நிலமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் தாத்தா பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டவர். அதற்கு முன்னால் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) வியட்நாமின் சைகோனில் இருந்தாராம். கடலூர்ப் பக்கத்துப் பங்காளிகளோ, "அதெல்லாம் கட்டுக்கதை, ஏர் பிடித்ததைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது" என்கிறார்கள். வீட்டில் ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகம் இருக்கிறது. அதில் இருப்பது தாத்தாவின் பெயரே இல்லை. குடும்ப வரலாறு எழுத ஆசை. எங்கே தொடங்க? – வாசகி, பாகூர்

பதில்: பெயர் வேறாக இருப்பது நல்ல செய்திதான் அம்மா. 1881 செப்டம்பர் 21-ல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, நம் வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரைப் பதிந்துகொண்டார்கள். ஊருக்குள் ஒரு பெயர், காகிதத்தில் இன்னொரு பெயர். பாகூர் அன்று பிரெஞ்சுப் புதுச்சேரியைச் சேர்ந்தது. கடலூர்ப் பங்காளிகளோ பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்தவர்கள், அந்தக் காகிதப் பெயர் அவர்கள் காதில் விழுந்திருக்கவே வாய்ப்பில்லை.

அந்தப் புத்தகம் சிப்பாய்க்குக் கொடுத்த கையேடாக இருந்தால் உள்ளே 'மத்ரிகுல்' எனும் படை எண், சேர்ந்த வருஷம் எல்லாம் இருக்கும். அவற்றைக் குறிப்பிட்டு பிரான்சில் 'போ' என்ற ஊரில் (பெயரே அதுதான்) இருக்கும் ராணுவப் பணியாளர் காப்பகத்துக்கு எழுதுங்கள். பலர் நேராக 'மெமுவார் தெ ஸோம்' என்ற பிரெஞ்சு ராணுவ இணையதளத்தில் தேடிவிட்டு, பெயர் இல்லையே என்று சோர்ந்துபோகிறார்கள். அங்கே பெரும்பாலும் போரில் இறந்தவர்கள் பட்டியல்தான். உங்கள் தாத்தா உயிரோடு வந்து நாற்று நட்டவர். புதுச்சேரி கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்திலும் அவரைத் தேட வேண்டாம்.

நான் பத்திர எழுத்தனாகவே காலம் தள்ளியவன். அதனால் என் கண் நிலப் பத்திரத்துக்குத்தான் போகும். பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் நான்கெல்லையை ஒரு வரி விடாமல் படியுங்கள். சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவர்களே அதிகம். ஒரு குடும்பத்துப் பத்திரத்தில், "வடக்கே வாய்க்கால், கிழக்கே பட்டாளத்திலிருக்கும் என் தம்பிக்கு விட்ட பங்கு" என்று எல்லை சொல்லியிருந்தது. அதற்குக் கீழே, தம்பி ஊர் திரும்பும்வரை அந்தப் பங்கை அண்ணனே சாகுபடி செய்து, மேல்வாரத்தை (நிலத்துக்காரர் பங்கு விளைச்சலை) தாயார் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஓரத்தில் தாயாரின் கட்டைவிரல் ரேகை, மை கூடிப்போய் அப்பிக் கிடந்தது. தம்பி எந்தச் சண்டையில் இருந்தார் என்று அதில் இல்லைதான். ஆனால் அவர் ஊரில் இல்லாத வருஷம் தேதியோடு பதிவாகிவிட்டது. உங்கள் வீட்டுப் பத்திரத்திலும் அப்படி ஒரு வரி கிடைத்தால், பங்காளிகள் வாயை மூட அது போதாதா?

கிரயப் பத்திரங்களையும் பாருங்கள். பட்டாளத்துச் சம்பளம் நிலமாகத்தான் மாறும். கையேட்டில் உள்ள விடுவிப்புத் தேதியையும் நிலம் வாங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பாதிக் கதை வந்துவிடும். அப்புறம் பிரெஞ்சுக் காலத் திருமணப் பதிவு. அதில் இரு பக்கத்துப் பெற்றோர் பெயரும் இருப்பதால் ஒரே காகிதத்தில் ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். கொம்யூன் பஞ்சாயத்தில் கேளுங்கள். அந்தக் காலப் பதிவேடுகளின் இரண்டாம் படி பிரான்சில் ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்திலும் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டியவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

வீட்டுப் பெரியவர்களை விட்டுவிடாதீர்கள். அத்தையிடம் "தாத்தா எந்தப் போரில் இருந்தார்?" என்று கேட்டால் முழிப்பார். "யார் யார் கல்யாணத்துக்கு அவர் ஊரில் இல்லை?" என்று கேளுங்கள், கோபத்தோடு பட்டியலே வரும். பங்காளிகளிடம் சண்டைக்கும் போகாதீர்கள். மூலப்பத்திரம் அவர்கள் பெட்டியில் இருக்கலாம்.

கேள்வி: அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்துவிட்டு வந்து கரும்பு போட்டவர். டிஸ்சார்ஜ் புத்தகம் 'தானே' புயலில் நனைந்து கூழாகிவிட்டது. மெடல் மட்டும் மிச்சம். – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: 2011 டிசம்பர் 30 நம் மாவட்டத்தில் எத்தனையோ டிரங்குப் பெட்டிகளைக் காலி செய்துவிட்டது. மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், முதல் வேலை அதுதான். 1971-க்கான சங்கிராம் மெடல் போன்ற வட்டப் பதக்கமாக இருந்தால் விளிம்பில் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். அந்த எண்ணோடு கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். முகவரியில் 'தென்னார்க்காடு' என்றும் சேர்த்து எழுதுங்கள். கடலூர் மாவட்டம் பிறந்ததே 1993-ல்தான், அப்பா சேர்ந்தபோது எழுதிய ஜில்லா அதுதான். சர்க்கரை ஆலையின் பழைய கட்டிங் ஆர்டர் (கரும்பு வெட்ட அனுமதிக்கும்) சீட்டுகள் கிடைத்தால் எறியாதீர்கள். அவர் எந்த வருஷம் முதல் விவசாயியாக ஊரில் நின்றார் என்பதை அவை சொல்லும்.

கேள்வி: முந்திரிக் கொல்லை வைத்திருந்த எங்கள் கொள்ளுத் தாத்தா மலேயாவில் நேதாஜி படையில் இருந்தாராம். நம்பலாமா? – வாசகர், பண்ருட்டி

பதில்: ஊர் திரும்பிய வருஷத்தைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். ஜப்பான் மலேயாவில் இறங்கியது 1941 டிசம்பரில், சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15-ல், நேதாஜி அங்கே வந்தது 1943 ஜூலையில். 1941-க்கு முன்பே கொல்லைக்குத் திரும்பிவிட்டார் என்றால் கதையை அத்தோடு விட்டுவிடலாம். போர் முடிந்து வந்தவர் என்றால் தியாகி பென்ஷன் மனுவின் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய அரசின் அந்தத் திட்டம் 1972-ல் வந்தது. மனுவோடு உடனிருந்தவர்கள் கொடுத்த சான்றும் இருந்தால் அதிர்ஷ்டம். மனுவே இல்லை என்பதால் அவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. ஆபீஸ் படி ஏறச் சோம்பல்பட்டு மனு போடாமலே இருந்தவர்களும் உண்டு.