வாசகர் கேள்வி பதில்: ஆளைத் தேடிப் போறதோ, போனில முடிக்கிறதோ?

கேள்வி: நான் கிளிநொச்சியில ஒரு காப்புறுதிக் கொம்பனியில வேலை. விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் கஸ்டமர்மாரை நேரில பாக்கப் போனா பாதிப்பேர் வீட்டில இல்லை, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லீனம். மேனேஜர் போனில கதைச்சு முடி, பெற்றோல் காசு தரேலாது எண்டுறார். என்ன செய்ய?

பதில்: தம்பி, போங்கோ, ஆனா போற நேரத்தை மாத்துங்கோ. பத்தரை மணிக்கு விசுவமடுவில படலையைத் தட்டினா ஆர் நிக்கப்போகினம்? வயல்காரர் விடிய வெள்ளன போயிடுவினம், காலபோக (மாரிகால நெல்லு) அறுவடை நேரமெண்டா வெட்டுமெசின் எப்ப வருதோ அதுதான் அவைக்கு நேரம், நெல்லு வித்துக் காசு கையில வருமட்டும் காப்புறுதிக் கதை காதில ஏறாது. முல்லைத்தீவுக் கரைப்பக்கம் வேற கணக்கு, இரவு கடலுக்குப் போனவை காலமை வந்து மீனைக் குடுத்திட்டு நித்திரை கொண்டு எழும்பி பின்னேரம்தான் ஆறுதலா இருப்பினம். எங்க போறதெண்டாலும் முதல்நாள் இரவு ஒரு கோல் எடுத்து “நாளைக்கு உங்கட பக்கம் வாறன், நிப்பியளோ” எண்டு கேளுங்கோ.

இல்லையெண்டு சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. ஹெல்மெட்டும் கறுப்புப் பையுமா ஒராள் மோட்டச்சைக்கிள்ல வந்து நிண்டா, கிழமைக்குக் கிழமை நுண்கடன் காசு கேட்டு வந்தவையின்ர ஞாபகம்தான் வரும், பிள்ளையை விட்டு “அம்மா இல்லை” எண்டு சொல்ல வைப்பினம். 2018 இல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பொம்பிளையளின்ர நுண்கடனைத் தள்ளுபடி செய்யிறதெண்டு அரசாங்கமே அறிவிக்கிற அளவுக்கு அந்தத் தொல்லை இருந்தது. அதால ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டு, படலைக்கு வெளியால நிண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. பொம்பிளை தனிய இருந்தா உள்ள போகாதேங்கோ. முதல் நாளே கையெழுத்துக் கேக்காம, படிவம் இங்கிலீசில இருந்தா எதுக்குக் காசு வரும் எதுக்கு வராது எண்டதைத் தமிழில வாசிச்சுக் காட்டுங்கோ, இதுக்குத்தான் நேரில போகோணும், போனில இது நடக்காது.

மேனேஜருக்குப் பெற்றோல் கணக்குத்தானே பிரச்சினை? தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எல்லாம் பரந்தன் முல்லைத்தீவு ஏ35 றோட்டிலதானே, ஒரே நாளில ஒழுங்காப் பாத்திட்டு வரலாம். ஒட்டுசுட்டானை வேற நாளுக்கு வையுங்கோ, இருட்ட முன்னம் திரும்புங்கோ, ஆனை நிக்கிற பக்கம்.

கேள்வி: போற வீடெல்லாம் தேத்தண்ணி தரீனம், வேண்டாமெண்டா கோவிக்கினம். (மல்லாவி வாசகி)

பதில்: தங்கச்சி, அரைக் கப் கேளுங்கோ. சீனி போடாம.