அக்டோபர் 8, விஸ்கான்சின்: கேள்வி பதில்

கே: அக்டோபர் 8 என்றால் சிகாகோ தீ விபத்துதானே? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் என்ன நடந்தது?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1871, அதே ஞாயிறு இரவு, பெஷ்டிகோ என்ற மர ஆலை ஊர் ஒரு மணி நேரத்தில் சாம்பலானது. சிகாகோவில் இறந்தவர்கள் சுமார் 300. இங்கே சுற்று வட்டாரமும் சேர்த்துக் குறைந்தது 1,200; 2,500 என்பாரும் உண்டு. அடையாளம் காட்ட ஆள் மிஞ்சாததால் சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள்.

பாதிரியார் பீட்டர் பெர்னின் தேவாலயத்தில் நற்கருணை அப்பம் வைக்கும் பேழையை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். பாலத்தில் அக்கரைக்காரர்கள் இக்கரைக்கும் இக்கரைக்காரர்கள் அக்கரைக்குமாக முட்டிக்கொண்டார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களும் தலையில் ஓயாமல் நீரை வாரி ஊற்ற வேண்டியிருந்தது, காற்றே எரிந்தது.

கே: எப்படிப் பற்றியது?

ப: கோடை முழுக்க மழையில்லை. வெட்டிய மரங்களின் கிளையும் சருகும் காட்டிலேயே கிடந்தன. ரயில் பாதைக்கும் வயலுக்கும் நிலம் திருத்த ஆங்காங்கே தீ வைத்திருந்தார்கள். அன்றிரவு பெருங்காற்று வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. சுமார் 12 லட்சம் ஏக்கர் போயிற்று.

கே: பீலா வால்நட்சத்திரத் துண்டு விழுந்ததாகப் படித்தேனே?

ப: இல்லை. சிறு விண்கல் தரைக்கு வரும்போது காட்டைக் கொளுத்தும் சூட்டில் இருக்காது.

கே: அப்படியானால் மிச்சிகனிலும் அதே இரவில் எரிந்தது எப்படி?

ப: அதே வறட்சி, அதே காற்று. மிச்சிகன் ஏரிக்கு அக்கரைதானே மிச்சிகன் மாநிலம்? வானத்தைப் பார்க்கும் முன் தரையில் கிடந்த சருகைப் பாருங்கள்.

கே: தற்செயல் என்கிறீர்களா?

ப: வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருந்த காட்டில் தற்செயல் ஏது? வால்நட்சத்திரம் இத்தோடு போதும்.

கே: விளக்கை உதைத்துத் தீ மூட்டியதாகச் சொல்வார்களே, ஓலியரி வீட்டுப் பசு?

ப: அது சிகாகோ. 1997-இல் நகர மன்றமே ஓலியரி அம்மாவையும் பசுவையும் அந்தப் பழியிலிருந்து விடுவித்துவிட்டது.

கே: விஸ்கான்சினின் மில்வாக்கி நகரில் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சுடப்பட்டது?

ப: 1912 அக்டோபர் 14. தேதியைப் பார்த்துக் கேளுங்கள்.

கே: மில்வாக்கியின் பிரேவ்ஸ் அணி பேஸ்பால் கோப்பை வென்றது?

ப: 1957 அக்டோபர் 10. மறுபடியும் தேதி!

கே: இவ்வளவு பேர் இறந்தும் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

ப: தந்திக் கம்பியும் எரிந்துவிட்டது. செய்தி மாநிலத் தலைநகர் மேடிசனுக்கு வந்தபோது ஆளுநர் ஃபேர்சைல்ட் சிகாகோவுக்கு நிவாரணம் கொண்டுபோயிருந்தார். சிகாகோ செல்லவிருந்த ஒரு ரயிலைப் பெஷ்டிகோ பக்கம் திருப்பியவர் அவர் மனைவி ஃபிரான்சிஸ்.

கே: வால்நட்சத்திரம் பற்றி ஒரே ஒரு சந்தேகம்...

ப: மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.