குருவைக் கேட்டு வாங்கியவர்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் விவிலியக் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே சண்டை. குருக்கள் மணம் செய்யக்கூடாது என்பது 1139-ல் கோவில் சொத்தைக் காப்பாற்ற வந்த சட்டம் என்று நான் சொன்னேன். திருத்தூதர் காலத்திலிருந்தே இப்படித்தான் என்கிறார் பங்குத்தந்தை. யார் சொல்வது சரி? பெண்களுக்குத் திருத்தொண்டர் பட்டம், அதாவது குருவுக்கு முந்தைய படி, கொடுப்பது பற்றியும் உங்கள் கருத்து வேண்டும். ஆனால் எல்லாம் மேலே முடிவாகிற விஷயம், நாம் ஏன் தொண்டை வற்றப் பேச வேண்டும் என்றும் தோன்றுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. திருத்தூதர் பேதுருவுக்குக் காய்ச்சலில் படுத்த மாமியார் ஒருவர் இருந்ததை மாற்கு எழுதிவைத்திருக்கிறார். பங்குத்தந்தைக்கு அது போதும். உங்களுக்கு: 1139-ல் இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், அதாவது ஆயர்களின் (பிஷப்புகளின்) பேரவை, குருப்பட்டம் பெற்றவர் அதன்பின் செய்துகொள்ளும் மணம் செல்லவே செல்லாது என்றது. ஆனால் மணமான குருக்கள் மனைவியோடு கூடி வாழக்கூடாது என்ற விதி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பெயினின் எல்விராவில் கூடிய சங்கத்தில் வந்துவிட்டது. 385-ல் திருத்தந்தை சிரீசியுஸும் அதையே எழுதினார். கோவில் நிலம் குருவின் பிள்ளைகளுக்குப் போய்விடும் என்ற பயம் நிஜம்தான். அது ஒன்றே காரணம் என்பது சோம்பேறித்தனம். வரலாற்றிலிருந்து ஒரே ஒரு ஆண்டைப் பிடுங்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.

பெண் திருத்தொண்டர்கள் பற்றி இன்னொரு நாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-லும் 2020-லும் ஆராயக் குழு போட்ட விஷயம், என் ஒரு பத்தியில் அடங்காது.

உண்மையில் நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. 'மேலே முடிவாகிற விஷயம்.' யார் சொல்லிக் கொடுத்தார்கள் உங்களுக்கு இதை?

சமீபத்தில் ஒரு குருப்பட்டத் திருப்பலியில் பின்வரிசையில் இருந்தேன். இவர் தகுதியானவர் என்று அறிவீரா என ஆயர் கேட்கிறார். இறைமக்களிடம் விசாரித்ததில் தகுதியானவர் என்று அறிந்தோம் என்று பொறுப்பான குரு சான்று சொல்கிறார். என் பக்கத்திலிருந்த பெரியவர் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "நம்மள யாரு விசாரிச்சா?" என்றார். சொல்லிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து "இறைவனுக்கு நன்றி" என்று அவரும் சத்தமாகவே சொன்னார். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

'இறைமக்களிடம் விசாரித்ததில்' என்ற அந்தச் சடங்கு வாக்கியம் ஒரு காலத்தில் வெறும் சடங்காக இருக்கவில்லை. 391-ல் புனித அகுஸ்தினார் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகருக்குப் போனபோது குருவாகும் எண்ணமே அவருக்கு இல்லை. ஆயர் இல்லாத ஊர்ப் பக்கம் போனால் மக்கள் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து ஒதுங்கியே இருந்தவர். ஹிப்போவில்தான் ஆயர் வலேரியுஸ் இருக்கிறாரே என்று தைரியமாகப் போனார். வலேரியுஸோ தமக்கு ஒரு குரு தேவை என்று மக்களிடம் பேச, கூட்டம் இவரை அப்படியே பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அழுதார். வெறும் குருதானா, ஆயர் பதவி இல்லையா என்ற வருத்தத்தில் அழுகிறார் என்று நினைத்துச் சிலர் தேற்றினார்களாம்! பட்டம் வாங்கிய பிறகுதான், மறைநூலைப் படிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று வலேரியுஸுக்கு எழுதிக் கேட்டார்.

இது விதிவிலக்கு என்று தள்ளிவிடாதீர்கள். விரும்பாத மக்கள்மேல் ஆயரைத் திணிக்கக் கூடாது என்றார் திருத்தந்தை செலஸ்தீன். எல்லாருக்கும் தலைவராகப் போகிறவரை எல்லாரும் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் பெரிய லியோ. இரண்டு பேருமே திருத்தந்தையர். 451-ல் கால்செதோன் பொதுச்சங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது: இன்ன ஊர்க் கோவிலுக்கு, இன்ன மடத்துக்கு என்று குறிக்காமல் யாருக்காவது பட்டம் கொடுத்தால் அது செல்லாது. மக்கள் இல்லாமல் தனியாக ஒரு குரு என்பதே அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆயர்களைத் திருத்தந்தை தம் விருப்பப்படி நியமிக்கிறார் என்பது பொதுவிதியாகச் சட்டநூலில் ஏறியது 1917-ல்தான்.

சரி, மக்கள் எல்லாம் புனிதர்களா என்று கேட்பீர்கள். இல்லை. அதே ஹிப்போ மக்கள் பிற்பாடு பினியானுஸ் என்ற பெரும் பணக்காரரைக் கோவிலுக்குள்ளேயே மடக்கி, குருவாகியே தீர வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். அவருக்கு மனைவி இருந்தது யாருக்கும் தடையாகத் தெரியவில்லை. விருப்பமில்லாதவருக்குப் பட்டம் கொடுக்க மாட்டேன் என்று, அதற்குள் அங்கே ஆயராகிவிட்டிருந்த அகுஸ்தினார் மறுத்தார். இந்த ஊரிலேயே இருப்பேன் என்று பினியானுஸ் சத்தியம் செய்த பிறகே கூட்டம் விட்டது. பணத்துக்காகத்தான் இந்த ஆட்டம் என்று அவர் மாமியார் வீட்டார் கொதித்தார்கள். சொத்து ஆசை சொத்து ஆசை என்கிறீர்களே, அது மேலே இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

ஆனாலும் அந்த மக்கள் வாய் திறந்தார்கள். நீங்களோ பட்டத்துக்கு முன் கோவிலில் பெயரை அறிவிக்கும்போது மணி பார்ப்பீர்கள். அந்த நபருக்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தால் சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்று இன்றைய திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அதைச் செய்ய மாட்டீர்கள். அப்புறம் அவருக்கு ஊர்மாற்றல் வந்ததும் மரத்தடியில் நின்று அதே குருவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவீர்கள்.

கோபப்படாதீர்கள். தொண்டை வற்றப் பேசுகிற ஆள்கள் குறைந்து வருகிறார்கள், அதனால்தான் உங்களைத் திட்டுகிறேன். அடுத்த கூட்டத்தில் 1139-ஐ ஓரமாக வைத்துவிட்டு கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் கடிதம் ஒன்றை எடுங்கள். உங்கள் ஆலோசனையும் மக்களின் சம்மதமும் இல்லாமல் என் இஷ்டத்துக்கு எதையும் செய்வதில்லை என்று ஆயரான நாளிலேயே தீர்மானித்ததாக எழுதியிருப்பார். தம் குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் எழுதிய கடிதம் அது. பங்குத்தந்தையையே வாசிக்கச் சொல்லுங்கள்.