குசினிக் கேள்வி பதில்: வற்றாளங்கிழங்கும் எயார் பிரையரும்

கேள்வி: மகன் வாங்கித் தந்த எயார் பிரையரில் வற்றாளங்கிழங்கை விரல் நீளத் துண்டுகளாக வெட்டிப் பொரித்துப் பார்த்தேன். வெளிநாட்டுச் செய்முறை ஒன்றில் சொன்னபடியே 200 பாகையில் 20 நிமிடங்கள் வைத்தும், முனைகள் கருகி, நடுப்பகுதி அவித்த கிழங்கைப் போலத் துவண்டுவிட்டது. உருளைக்கிழங்கு மட்டும் இதே இயந்திரத்தில் நன்றாக வருவது ஏன்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெயரில் கிழங்கு என்று இருந்தாலும் இவை இரண்டும் உறவினர் அல்ல. உருளைக்கிழங்கு கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வற்றாளையோ, நாம் பூண்டும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கும் கங்குன் கீரைக்கு நெருங்கிய சொந்தம். வற்றாளங்கிழங்கு சூடேறும்போது, ஏறத்தாழ 60 முதல் 75 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில், அதனுள்ளே இருக்கும் ஒரு நொதியம் மாச்சத்தைச் சீனியாக மாற்றத் தொடங்குகிறது. அந்த வெப்பநிலையில் கிழங்கு எவ்வளவு நேரம் தங்கி நிற்கிறதோ அவ்வளவுக்கு இனிப்பு கூடி, மொறுமொறுப்பைத் தரவேண்டிய மாச்சத்துக் குறைந்துவிடும். வெளியே உள்ள சீனி விரைவாகக் கருக, உள்ளே நீர் வெளியேற வழியின்றி நின்றுவிடுகிறது. உங்கள் துண்டுகளுக்கு நேர்ந்தது இதுதான்.

கூடையை நிரப்பினால் இந்தக் கேடு இரட்டிப்பாகும். எயார் பிரையர் என்பது பெயரளவில்தான் பொரிக்கும் இயந்திரம். உண்மையில் அது விசிறி பூட்டிய சிறியதொரு வெதுப்பி. சூடான காற்று ஒவ்வொரு துண்டையும் தொட்டுச் செல்லாவிட்டால் துண்டுகள் தம் ஆவியிலேயே வெந்துவிடும். நானும் முதல் முறை கூடை நிறையப் போட்டு, வெளியே எடுத்ததைப் பிசைந்து, தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தே சமாளித்தேன்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுச் செய்முறைகள் பெரும்பாலும் செம்மஞ்சள் சதையுள்ள, நீர்ச்சத்து மிகுந்த கிழங்கை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. நமது சந்தையில் பெரும்பாலும் கிடைப்பதோ, அவித்துக் கட்டைச் சம்பலுடன் உண்ணும், சிவந்த தோலும் வெளிர்ந்த சதையும் கொண்ட மாப்பிடிப்பான கிழங்கு. பொரிப்பதற்கு உண்மையில் இதுவே மேல். ஆனால் இதற்கு 20 நிமிடங்கள் தேவையில்லை.

அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தடிப்பில், எல்லாத் துண்டுகளும் ஒரே அளவாக வரும்படி வெட்டுங்கள். புதிய கிழங்காயின் வெட்டிய முகத்தில் வெண்பால் பொட்டுப் பொட்டாகத் துளிர்க்கும். அது கையிலும் கத்தியிலும் ஒட்டிக் கறுக்கும் என்பதால் துண்டுகளை உடனே குளிர்ந்த நீரில் போட்டு, அரை மணி நேரம் ஊற விடுங்கள். நீரின் அடியில் வெள்ளையாகப் படிவது மேற்பரப்பு மாச்சத்து. பின்னர் நீரை வடித்து, பருத்தித் துவாயில் பரப்பி, துவாயின் காய்ந்த பக்கத்தால் மறுபடியும் ஒற்றி எடுங்கள். பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஈரம் இருந்தால் அடுத்துச் சேர்க்கும் மா பசையாகிவிடும். ஒரு மேசைக்கரண்டி சோளமாவை, அதாவது சூப்பைத் தடிப்பாக்கப் பயன்படும் வெள்ளை மாவை, முதலில் தூவிக் குலுக்கி, அதன் பின்னரே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைப் பிரட்டுங்கள். உப்பை இப்போது சேர்த்தால் அது நீரை வெளியே இழுக்கும். மிளகாய்த் தூளும் இந்தச் சூட்டில் கருகிக் கசக்கும். இரண்டையும் பொரித்த பிறகு தூவுவதே சரி.

இயந்திரத்தை 190 பாகையில் சில நிமிடங்கள் சூடாக்கி, துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, 12 முதல் 15 நிமிடங்கள் வரை வையுங்கள். பாதி நேரத்தில் கூடையை ஒருமுறை குலுக்குங்கள். அரைக் கிலோவை இரண்டு தடவையாகப் போடவேண்டி வரலாம். பொன்னிறம் வந்தவுடன் எடுத்துவிடுங்கள். கிழங்கு கரும்பழுப்பாகும்வரை விட்டால் கசப்போடு அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருளும் கூடுகிறது. எடுத்ததைத் தட்டில் குவித்து மூடாமல் கம்பித் தட்டில் பரப்பினால் இரண்டொரு நிமிடத்தில் மேற்புறம் இறுகும். அப்படியிருந்தும் தாச்சியில் எண்ணெய் நிறைய விட்டுப் பொரித்த மொறுமொறுப்பு முழுவதும் வராது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவினால் எயார் பிரையரில் புகை வருகிறது. வேறு எண்ணெய்தான் வாங்க வேண்டுமா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் பயன்படுத்துவது சுத்திகரிக்காத கன்னித் தேங்காய் எண்ணெயாக இருக்கக்கூடும். அது 175 பாகை அளவிலேயே புகையத் தொடங்கும். சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் 190 பாகையைத் தாங்கும். முன்பு இறைச்சி பொரித்த கொழுப்பு கூடையின் அடியில் படிந்திருந்தாலும் புகை வரும், ஆகையால் முதலில் அதைக் கழுவிப் பாருங்கள். அழுத்தக் குப்பியில் விற்கப்படும் சமையல் ஸ்பிரேக்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் சேர்க்கப்படும் லெசித்தின் கூடையின் ஒட்டாப் பூச்சில் பிசின் போலப் படிந்து அதைக் கெடுக்கும்.

கேள்வி: குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கிழங்கு எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் கட்டியாகவே இருக்கிறது, சில துண்டுகள் கசக்கவும் செய்கின்றன.
- வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. வற்றாளை வெப்பநாட்டுப் பயிர்; பச்சைக் கிழங்கை 12 பாகைக்குக் கீழ் பல நாள் வைத்தால் அதன் நடுப்பகுதி, பின்னர் எத்தனை நேரம் வேகவைத்தாலும் மென்மையாகாதபடி இறுகிப்போகும். காற்றோட்டமுள்ள கூடையில், வெயில் படாத மூலையில் வைத்தாலே போதும். கசப்புக்குக் கூன்வண்டு காரணமாக இருக்கலாம். அதன் புழு துளைத்த கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்புப் பொருள்களை உண்டாக்குகிறது; அவை சமைத்தாலும் போவதில்லை, உடலுக்கும் நல்லதல்ல. தோலில் சிறு துளைகளும் உள்ளே பழுப்புச் சுரங்கமும் தென்பட்டால், கெட்ட பகுதியை மட்டும் அரிந்து எறியாமல் முழுக் கிழங்கையும் வீசிவிடுங்கள்.

கேள்வி: பழைய தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். எயார் பிரையரை வட்ட முனைப் பிளக்கில் அடப்டர் வைத்து இயக்கினால் பிளக் சூடாகிறது. தொடரலாமா?
- வாசகர், மருதானை

பதில்: தொடர வேண்டாம். 1,500 வொட் இயந்திரம் நமது 230 வோல்ட் மின்சாரத்தில் 6.5 அம்பியர் அளவில் இழுக்கும். பழைய சிறிய வட்ட முனைப் பிளக்குகள் 5 அம்பியருக்கே உரியவை. மின்னிணைப்பாளரை அழைத்து, வயரையும் பார்க்கச் சொல்லி, 13 அம்பியர் சதுர முனைப் பிளக் பொருத்திய பின்னரே அடுத்த கிழங்கை வெட்டுங்கள்.