கட்டம் சேர்த்தவள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மெட்ராஸ் செக் சட்டையை முதல் தடவை துவைத்தபோதே மற்றத் துணிகளில் எல்லாம் சாயம் ஏறிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், ராயபுரம்

பதில்: அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். பழைய முறையில் சாயமேற்றிய நூலில் நெய்தால் சாயம் விடத்தான் செய்யும். 1958-இல் நியூயார்க் வியாபாரி ஒருவர் இந்தத் துணியை 10,000 கஜம் எடுத்துப் போனார். குளிர்ந்த நீரில்தான் துவைக்க வேண்டும் என்ற தகவல் வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, புகார்கள் குவிந்தன. கடைசியில் ‘சாயம் விடும் என்பதற்கு உத்தரவாதம்’ என்றே விளம்பரம் செய்து விற்றார்கள்! தனியாக, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: நானும் என் தோழியும் ஃபேஷன் டிசைன் முடித்திருக்கிறோம். சேர்ந்து கடை தொடங்க ஆசை. நட்பும் தொழிலும் ஒட்டாது என்கிறார் அம்மா. உங்களுக்கு அப்படி ஒரு தோழி இருந்தாரா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இருந்தாள். பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் இரண்டு மெஷின்களைப் போட்டு உட்கார்ந்தோம். இருவருக்கும் இருபத்திரண்டு வயது. அறைக்கு ஜன்னல் கிடையாது. துணியின் உண்மையான நிறத்தைப் பார்க்க, தெருவுக்கு எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

அவளுடைய அப்பா பெரம்பூர் பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்தவர். காக்கித் துணிக்குப் பெயர்போன அந்த மில் 1996-இல் மூடப்பட்ட பிறகு வீட்டில் இருந்தார். எங்களுக்குத் துணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். “பாவு வழியே, அதாவது நீளவாக்கு நூல் வழியே இழு, நீண்டு கொடுக்காது. ஊடை வழியே, குறுக்கு நூல் வழியே இழு, கொஞ்சம் கொடுக்கும். மூலைவாக்கில் இழு, எவ்வளவு வருகிறது பார்” என்பார். ஒரு பருவம் முழுக்க வகுப்பில் எழுதிக்கொண்டது அன்றுதான் என் விரலுக்குப் புரிந்தது.

எந்த உடுப்பு கைக்கு வந்தாலும் அவள் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். தையல் பிரிப்பதற்கென்று பாதியாக உடைத்த பிளேடு ஒன்று வைத்திருந்தாள். ஒரு முனையில் துணி சுற்றியிருக்கும். நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், மறுபக்க நூலை ஒரே இழுப்பில் உருவுவாள். துணியில் ஒரு கீறல் விழாது.

எங்கள் முதல் கண்காட்சிக்கு மெட்ராஸ் செக்கில் ஒரு ஃபிராக். கட்டங்கள் கிராஸாக, மூலைவாக்கில் இறங்கி, பக்கத் தையலில் அம்புமுனை போலக் கூட வேண்டும். அவள் வரைந்து வெட்டினாள், நான் தைத்தேன். ஒரு பக்கம் இரண்டு நூல் பிசகிவிட்டது. யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். அவள் பேசாமல் பிளேடை எடுத்தாள். பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் குண்டூசி குத்தி, கையால் ஓட்டுத்தையல் போட்டு என்னிடம் நீட்டினாள். நான் தைத்து முடித்தபோது, காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்கள் கூடைகளோடு தெருவில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு பத்திரிகை அந்த ஃபிராக்கைப் படம் பிடித்து வெளியிட்டது. கீழே என் பெயர் மட்டும். பேட்டிக்கு வந்தவரிடம் பேசியது நான்தான். அவள் அன்று கட்பீஸ் எடுக்கப் போயிருந்தாள். வடிவமைத்தது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுவாரம் இதழ் வந்ததும் அவள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, கோந்து தடவி, அறைச் சுவரில் ஒட்டினாள். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ஆறு மாதத்தில் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் வேலை கிடைத்துப் போனாள். கடிதங்கள் குறைந்தன, பிறகு நின்றன.

அம்மாவிடம் சொல்லுங்கள்: எங்கள் நட்பைக் கெடுத்தது தொழில் அல்ல, நான் சொன்ன அந்த ஒரு ‘ஆமாம்’. அவள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து கற்றதை வைத்துத்தான் இன்றுவரை பிழைக்கிறேன். தாராளமாகத் தொடங்குங்கள். ஆர்டர் நோட்டில் வரைந்தவர், வெட்டியவர், தைத்தவர் பெயரை அன்றன்றே எழுதிவிடுங்கள். லேபிளில் இரண்டு பெயரும் இருக்கட்டும். யாராவது பேட்டிக்கு வந்தால், இருவரும் இருக்கும் நாளில் வரச் சொல்லுங்கள்.

அந்த ஃபிராக் என் பீரோவில் இருக்கிறது. சாயம் வெளுத்துவிட்டது, பக்கத் தையலில் கட்டங்கள் நூல் பிசகாமல் நிற்கின்றன. அதை வரைந்ததும் வெட்டியதும் அவள். பெயரைப் போடாமல் இப்படி எழுதுவது எனக்கு உறுத்துகிறது, ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அவளைக் கேட்காமல் போட மனம் வரவில்லை. என்னிடம் இருந்த பழைய திருப்பூர் முகவரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். சம்மதம் வந்தால் அடுத்த இதழில் இந்தப் பக்கத்தின் முதல் வரியில் அவள் பெயர் இருக்கும்.