கையில் காசு குறைவு, எயார் ரைபிள் வாங்க ஆசை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: "பண்டாரவளைப் பக்கம் இருக்கிறேன். கையில் காசு கொஞ்சம்தான். டின் வைத்துச் சுட்டுப் பழகவும், மரக்கறித் தோட்டத்துக்கு வரும் குரங்கை விரட்டவும் ஒரு எயார் ரைபிள் வாங்கலாம் என்றிருக்கிறேன். வேகம் கூடியதாகப் பார்த்து வாங்கினால் சரிதானே? ஸ்கோப்பும் சேர்த்து எடுக்கவா?"

சரியில்லை. வேகத்தைப் பார்த்து வாங்கித்தான் நான் முதல் முறை ஏமாந்தேன்.

கந்தப்பளையில் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி, லீக்ஸும் கரட்டும் போடுகிறோம். ஒரு போகம் லீக்ஸ் நல்ல விலைக்குப் போன சந்தோஷத்தில் கொழும்பில் ஒரு கடைக்குப் போய் வாங்கிவிட்டேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 1200 என்று போட்டிருந்தது. செக்கனுக்கு 1200 அடி வேகமாம். ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) இலவசம். வேறென்ன வேண்டும் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் பதினைந்து எட்டு வைக்கும் தூரத்தில் ஒரு பெயின்ட் டின். முதல் குண்டு பட்டது. இரண்டாவது இடது பக்கம் போனது. மூன்றாவது எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. நாற்பது குண்டு அடிப்பதற்குள் ஸ்கோப்புக்குள் இருந்த சிலுவைக் கோடு சாய்ந்துவிட்டது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே கிலுக்கு மாதிரி சத்தம். மச்சான் பக்கத்தில் நின்று, "முதல்ல போய்க் கண்ணாடி போடுடா" என்றான். நானும் கண்ணில்தான் கோளாறு என்று கொஞ்ச நாள் நம்பினேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. என்னுடையது ஸ்பிரிங் துப்பாக்கி, உள்ளே சுருங்கிய ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, அந்தக் காற்றில் குண்டு போகிற வகை. அது சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும். பிஸ்டன் முன்னால் போய் முட்டி நிற்கும்போது முன்பக்கமாகவும் ஒரு இழுப்பு இழுக்கும். நெருப்புத் துப்பாக்கிக்குச் செய்த சாதாரண ஸ்கோப் பின்னுதையைத் தாங்கும், இந்த முன்னிழுப்பைத் தாங்காது. பவர் கூடக் கூட இழுப்பும் கூடும். பெட்டியோடு இலவசமாக வருகிற ஸ்கோப் எந்த உதையையுமே தாங்காது என்பது என் அனுபவம்.

அந்த 1200 எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஈயத்தைவிட இலேசான கலப்பு உலோகக் குண்டு போட்டு அளந்து அச்சடிக்கிறார்கள். நீங்கள் ஈயக் குண்டு போட்டால் அந்த வேகம் வராது. வந்தாலும் நல்லதில்லை. ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் அளவு, அதாவது 1115 அடிப் பக்கம். நம் குளிரில் இன்னும் சற்றுக் குறையும். பெலட் என்பது இடுப்பு ஒடுங்கிய சின்னக் குண்டு. அந்த வேகத்தை ஒட்டிப் பறந்தால் காற்றில் தடுமாறும். தாண்டிவிட்டால் படாரென்று சத்தம் வேறு, அடுத்த லயத்துப் பிள்ளை முழித்துக்கொள்ளும்.

ஒலிம்பிக்கில் 1984 முதல் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டி இருக்கிறது. டோக்கியோவில் நம் நாட்டுக்காக டெஹானி எகொடவெல சுட்டதும் இதே போட்டியில்தான். அங்கே நடுவிலிருக்கும் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர்ப் பொட்டு. அதைச் சுடுகிற குண்டே 4.5 மில்லிமீற்றர். உலகத்திலேயே குறி தப்பாத அந்தத் துப்பாக்கிகள் குண்டை அனுப்புகிற வேகம் செக்கனுக்கு 170 மீற்றர் அளவுதான், 560 அடி. என் பெட்டியில் போட்டிருந்ததில் பாதிகூட இல்லை.

ஆகவே என் பதில்: 4.5 மில்லிமீற்றர், குழலை மடித்து லோட் பண்ணும் ஸ்பிரிங் துப்பாக்கி, ஈயக் குண்டில் 600 முதல் 800 அடிக்குள் நிற்கும் சாதுவான பவர், இரும்பு சைட் (கண்ணாடி இல்லாமல் குறி பார்க்கக் குழலின்மேல் இருக்கும் மேடும் பள்ளமும்) பொருத்தியது. ஜெர்மனியின் டயானா, வைராவ்க், ஸ்பெயினின் காமோ, துருக்கியின் ஹட்சான் ஆகிய பெயர்களில் வரும் சின்ன மொடல்களைப் பாருங்கள். வைராவ்க்கின் எச்டபிள்யூ 30 அருமையான சாமான், ஆனால் புதிதாக வாங்கும் விலை நம் பக்கம் வராது. சீனத்து மலிவு மொடல்களில் ஒன்று தங்கமாக இருக்கும், அதே பெட்டியில் வந்த மற்றது தகரமாக இருக்கும். கையில் எடுத்து, முடிந்தால் சுட்டுப் பார்க்காமல் அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இருக்கிற காசைப் பத்தாகப் பிரித்தால் ஆறு பங்குக்கு மேல் துப்பாக்கிக்குப் போகக்கூடாது. மிச்சம் பெலட்டுக்கு.

மற்ற வகைகளையும் கடைக்காரர் காட்டுவார். சீஓ2 (காபனீரொட்சைட்டு வாயு) சிலிண்டரில் ஓடுவது பார்க்க அழகு, உதை இல்லை, விலையும் பல நேரம் மலிவு. கொழும்பில் இருப்பவருக்கு நானே சொல்வேன். நம் ஊருக்குச் சொல்ல மாட்டேன், காரணம் குளிர். அந்த வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். 20 பாகையில் 57 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவு இருப்பது 10 பாகையில் 45க்கு இறங்கிவிடும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி விடியலில் புல்லில் பனி உறைந்து கிடக்கும்போது சுட்டால் குண்டு சோம்பேறியாய்ப் போய்க் குறிக்குக் கீழே விழும். பத்து மணி வெயிலில் அதே துப்பாக்கி மேலே அடிக்கும். போதாததற்கு, அடுத்தடுத்துச் சுடச்சுட வாயு தானே குளிர்ந்து இன்னும் இறங்கும். பண்டாரவளை எங்களைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்புத்தான், இருந்தாலும் 12 கிராம் சிலிண்டரை வாங்கி வாங்கி எறிவதற்கு யாரிடம் சல்லி இருக்கிறது?

முன்கூட்டியே காற்று அடைக்கும் பீசீபி ரகம் குறியில் ராஜா. ஆனால் 200 பார் காற்று வேண்டும். டயர் கடையில் காருக்கு அடிப்பது 2 பார் சொச்சம்தான். அதற்கென்று தனிப் பம்ப் வாங்க இன்னொரு துப்பாக்கி விலை ஆகும். கையால் பலமுறை பம்ப் அடிக்கும் ரகம் மோசமில்லை, ஒவ்வொரு குண்டுக்கும் ஐந்தாறு தடவை அடிக்கப் பொறுமை இருந்தால். ஸ்பிரிங்குக்குப் பதில் காஸ் வைத்தது குளிருக்கு அசையாது, ஆனால் காஸ் கசிந்துவிட்டால் அதோடு சரி. 5.5 மில்லிமீற்றர் குண்டு கனம், விலையும் கூட. டின் சுட அது தேவையில்லை.

இனி பெலட். காசு குறைந்தவன் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது. அந்த 1200ஐ அரை விலைக்குத் தள்ளிவிட்ட பிறகு மாமாவின் பழைய ஜெர்மன் துப்பாக்கியில்தான் நான் உண்மையில் பழகினேன். பிடிக்கட்டையில் வார்னிஷ் உரிந்த, ஸ்பிரிங் தளர்ந்த கிழவி. ஒரு நாள் இரண்டு டின் பெலட்டை வைத்துக்கொண்டு 10 மீற்றரில் கடதாசிக்குச் சுட்டேன். மலிவு டின்னில் பத்துக் குண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. மற்ற டின்னில் அதே பத்துக் குண்டு, அதே துப்பாக்கி, அதே கை. ஓட்டை எல்லாவற்றையும் ஒரு 10 ரூபாய்க் காசால் மூட முடிந்தது. மலிவு டின்னைச் சாப்பாட்டுத் தட்டில் கொட்டி உருட்டினேன். பாவாடை போல விரிந்த பின்பகுதி நசுங்காத குண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி வளைந்து உருண்டன. நசுங்கியவை நொண்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பின. பாதிக்குப் பாதி நொண்டி. ஆகவே முதலில் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு டின் வாங்கி, உங்கள் துப்பாக்கிக்கு எது பிடிக்கிறதென்று பாருங்கள். இரும்பு உருண்டை மட்டும் போடாதீர்கள். குழலின் உள்வரியை (உள்ளே வெட்டியிருக்கும் சுருள் கோடுகளை) கெடுக்கும், கல்லில் பட்டால் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல், முன்பக்கத்தை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுட வேண்டும். அது குதிக்கிறபடி குதிக்கட்டும். இது பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

பழையது கிடைத்தால் புதிதைவிட இலாபம், ஆனால் நாலு விஷயம் பாருங்கள். குழலை மடித்து மூடிப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. குழல் மடியும் இடத்தில் ஒரு வாஷர் இருக்கும், அதன்மேல் ஒரு துண்டு டிஷ்யூக் கடதாசியைப் போட்டுவிட்டுச் சுடுங்கள். கடதாசி பறந்தால் அங்கே காற்றுப் போகிறது. அதற்குப் பயப்பட வேண்டாம், வாஷர் மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேட்க நல்ல சாட்டு. குழல் வாயைச் சுற்றிப் பஞ்சை ஓட்டுங்கள், நார் சிக்கினால் வாய் சேதம், அதை விட்டுவிடுங்கள். உள்ளே எண்ணெய் புகைகிற வாடையும் சுடும்போது பெரிய சத்தமும் வந்தால் யாரோ கண்ட எண்ணெயையும் சிலிண்டருக்குள் விட்டிருக்கிறார்கள். அது உள்ளே டீசல் எஞ்சின் மாதிரிப் பற்றி வெடித்து சீலைத் தின்றிருக்கும். விற்பவர் குண்டில்லாமல் "இந்தா பாருங்க" என்று சும்மா தட்டிக் காட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள், வெறுமனே சுட்டால் பிஸ்டன் போய்விடும். குண்டு வைக்கும்போது மடித்த குழலை ஒரு கையால் பிடித்தே இருங்கள். விசை நழுவினால் விரல் போகும். ஸ்பிரிங்கை நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம், அழுத்தி வைத்தது முகத்துக்கு வரும்.

சட்ட விஷயத்தில் கடைக்காரர் வாயை நம்பாதீர்கள், என்னையும் நம்பாதீர்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிற நாடு இது. காசு கொடுப்பதற்கு முன் உங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போய், மொடலின் பெயரைச் சொல்லி, என்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். பழையது வாங்கினாலும் அப்படித்தான், ரசீதும் எழுதி வாங்குங்கள். ஒன்லைனில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சுங்கத்தில் பெட்டி நின்றால் காசும் போய் அலைச்சலும் மிஞ்சும்.

சுடும் இடத்துக்கு நமக்கு மலை இருக்கிறது, அது ஒரு வரம். வெட்டிய மண்மேட்டை முதுகாக வைத்து, அதன் முன்னால் பழந்துணி அடைத்த உரப்பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். மேட்டுக்கு மேலே வானம் தெரிகிற திசையில் ஒருபோதும் சுடாதீர்கள். பெலட் சில நூறு மீற்றர் போகும், மேட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். லயத்துத் தகரமும் பலகையும் குண்டைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம்.

குரங்குக்காக வாங்குவதென்றால் வாங்கவே வேண்டாம். பக்கத்துக் காணி அண்ணன் ஒருவர் ஒரு முறை அடித்தார். அந்தக் குரங்கு தொடை வீங்கி டர்பன்டைன் மரத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தது. கூட்டம் மட்டும் வழக்கம்போல போஞ்சிக்கு வந்து போனது. இப்படிப்பட்ட எயார் ரைபிள் குரங்கைப் பெரும்பாலும் உடனே கொல்லாது, புண்ணாக்கும். சத்தத்துக்குப் பயப்பட அதில் சத்தமும் இல்லை. எந்த மிருகத்தின்மேல் கை வைக்கலாம், கூடாது என்பதற்கு 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் வேறு இருக்கிறது. உங்கள் கஷ்டம் எனக்கும் தெரியும். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மலையணில் எல்லாம் எண்ணச் சொன்னார்களே, அன்று எங்கள் துண்டில் நான் எண்ணியது பதினான்கு. 8.06க்கு இன்னொரு கூட்டம் வந்தது, அது கணக்கில் சேரவில்லை. எங்களுக்குக் கொஞ்சமாவது கைகொடுத்தது ஒரு நாயும், விடியலில் யாராவது ஒருவர் காணியில் நிற்பதும்தான்.

ஸ்கோப் கேட்டீர்கள். முதல் 500 குண்டை இரும்பு சைட்டிலேயே சுடுங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால், ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கென்றே செய்தது என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். துப்பாக்கியோடு இலவசமாக வந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சுடுங்கள். என்னுடையது இப்போது மகனிடம் இருக்கிறது, எதிர் மலையில் லொறி ஏறுவதைப் பார்க்க. சிலுவைக் கோடு இன்னும் சாய்ந்தபடியேதான்.